கிளாக்கைப் பரப்பினால் எவ்வளவு குறையும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மின்னணுக் கருவிகளின் மின்காந்த இடையூறு பற்றி உங்கள் அறிவியல் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஈஎம்ஐ என்றால் மாதத் தவணை என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்த மூன்றெழுத்தின் இன்னொரு பொருளைக் கட்டுரையாளர் எளிமையாகச் சொல்லியிருந்தார். ஆனால் கிளாக்கில், அதாவது சில்லுகளுக்குத் தாளம் தரும் மின்துடிப்பில், ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரமை இயக்கிவிட்டால் இரைச்சல் 20 டெசிபெல் குறைந்துவிடும் என்ற வரியும், அதற்குச் சான்றாகப் போட்ட முன்-பின் படமும் தவறான நம்பிக்கையைக் கொடுக்கின்றன. மின்சுற்றுப் பலகை வடிவமைக்கும் ஒருவர் அந்த 20-ஐ நம்பி வடிகட்டியையும் கவசத் தகட்டையும் எடுத்துவிட்டால், சோதனைக்கூடத்தில் போய்த்தான் முழிக்க வேண்டியிருக்கும்.

100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் என்பது நொடிக்குப் பத்துக் கோடி முறை ஏறி இறங்கும் சதுர அலை. அதன் ஆற்றல் 100-லும், 300, 500, 700 என்ற மடங்குகளிலும் ஊசி ஊசியாக நிற்கும். மேல்நிலையும் கீழ்நிலையும் சரிபாதியாக இல்லாவிட்டால் 200, 400-லும் தலைகாட்டும். பலகையின் தடங்களும் அதில் செருகிய கேபிள்களும் ஆன்டெனாவாகி இந்த ஊசிகளை வெளியே வீசுகின்றன. ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் செய்வது ஒன்றுதான். கிளாக்கை 100-லேயே நிற்கவிடாமல், 99.5-க்கும் 100-க்கும் இடையே நொடிக்கு முப்பதாயிரம் முறைக்குச் சற்று மேலாக ஊசலாட விடுகிறது. ஊசி நின்ற இடத்தில் ஒரு மேடு வருகிறது. மொத்த ஆற்றல் அப்படியேதான் இருக்கிறது. தவணைக் கணக்கு இங்கே பொருந்தும்: கடன் தொகை குறைவதில்லை, ஒரே நாளில் கட்ட வேண்டியது பல நாளுக்குப் பிரிகிறது.

ஊசலாட்டம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். சைன் வடிவில் ஆட்டினால் கிளாக் இரு ஓரங்களிலும் அதிக நேரம் தங்கும். மேட்டின் இரு முனைகளிலும் கொம்பு முளைக்கும். முக்கோண வடிவில் மேடு ஏறக்குறைய சமதளமாகும், ஓரத்தில் சிறு புடைப்பு மிஞ்சும். அந்தப் புடைப்பையும் தட்டிச் சமப்படுத்த, ஓரங்களில் வேகமாகத் திரும்பும் வளைவு ஒன்றை லெக்ஸ்மார்க் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். 1994-ல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் மின்காந்த ஒத்திசைவு மாநாட்டில் அதை அவர்கள் முன்வைத்தார்கள். பார்ப்பதற்கு ஒரு சாக்லெட்டின் வடிவில் இருப்பதால் இன்றும் அதற்கு ஹெர்ஷி கிஸ் என்றே பெயர்.

இனி 20 டெசிபெலுக்கு வருவோம். சோதனைக்கூட அளவி ஓர் அதிர்வெண்ணைப் பார்க்கும்போது அதைச் சுற்றி ஒரு சன்னல் வழியாகப் பார்க்கிறது. ஆர்பிடபிள்யூ என்று பொறியாளர்கள் சொல்வது இந்தச் சன்னலின் அகலத்தைத்தான். வானொலி இடையூறுக்கான சர்வதேசக் குழுவான சிஸ்பிஆரின் விதிப்படி 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை 9 கிலோஹெர்ட்ஸ், 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை 120 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல் 1 மெகாஹெர்ட்ஸ். மேட்டின் எவ்வளவு பகுதி இந்தச் சன்னலுக்குள் விழுகிறதோ அதைத்தான் அளவி படிக்கும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஊசலாட்டம் 31.5 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 15.9 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் 500 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. 120 கிலோஹெர்ட்ஸ் சன்னலை அது கடக்க எடுக்கும் நேரம் 3.8 மைக்ரோ நொடி. சன்னல் முழுதாக விழித்துக்கொள்ளவோ சுமார் 8.3 மைக்ரோ நொடி வேண்டும். ஆக அது அரைகுறையாகத்தான் பார்க்கிறது. சன்னல் அகலத்தின் வர்க்கத்தை, கிளாக் நொடிக்கு எத்தனை ஹெர்ட்ஸ் நகர்கிறது என்ற ஓட்ட வேகத்தால் வகுத்து, மடக்கை எடுத்துப் பத்தால் பெருக்கினால் உச்ச அளவு எவ்வளவு தாழும் என்று தோராயமாகக் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் வருவது சுமார் 3.4 டெசிபெல். ஐந்தாம் மடங்கான 500-ல் ஓட்டம் ஐந்து மடங்கு வேகம், அங்கே 10 டெசிபெல் கிடைக்கிறது. அடிப்படை அதிர்வெண்ணில் கொஞ்சம், மேல் மடங்குகளில் நிறைய என்பதுதான் இந்த முறையின் குணம்.

உச்சம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் கணக்கில் எடுக்கும் குவாசி-பீக் கண்டறிவான் வைத்து அளந்தால் இன்னும் குறையுமே என்று சிலர் நினைப்பதுண்டு. குறையாது. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கண்டறிவான் 1 மில்லி நொடியில் நிரம்பி 550 மில்லி நொடியில்தான் வடியும். நமது மேடோ 32 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. வடிய நேரமே இல்லை. உச்ச அளவுக்கு அருகிலேயே நிற்கும்.

ஊசலாட்டத்துக்கு 30 முதல் 33 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் காதுக்குக் கேட்கும் பகுதிக்குள் நுழைகிறோம். மிக மெதுவாக, உதாரணமாக 1 கிலோஹெர்ட்ஸில் ஆட்டினால், மேலே சொன்ன 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் சன்னலுக்குள் 120 மைக்ரோ நொடி தங்கும். அளவி முழு உயரத்தையும் படித்துவிடும், குறைவு பூஜ்யம். மிக வேகமாக ஆட்டினால் பின்னால் வரும் பிஎல்எல் சுற்றுகளால் (ஒரு கிளாக்கைப் பின்பற்றி இன்னொரு கிளாக்கை உருவாக்குபவை) பின்தொடர முடியாது.

1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கதை மாறுகிறது. அங்கே சன்னல் 1 மெகாஹெர்ட்ஸ். 2.5 கிகாஹெர்ட்ஸில் 0.5 சதவீதம் என்றால் 12.5 மெகாஹெர்ட்ஸ் மேடு, பெரிதாகத் தெரிகிறது. ஆனால் சன்னலைக் கடக்க 1.3 மைக்ரோ நொடி, விழித்துக்கொள்ள 1 மைக்ரோ நொடிதான். உச்ச அளவீட்டில் ஒன்றும் குறையாது. அங்கே உச்ச வரம்பைவிட 20 டெசிபெல் தாழ்வான சராசரி வரம்பும் உண்டு. பரப்புவதன் பலன் அந்தச் சராசரி அளவீட்டில்தான் தெரியும். உச்ச வரம்பில் தோற்ற பலகையை ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் மீட்டுத் தராது.

கட்டுரையில் வந்த படத்துக்கு இப்போது திரும்பலாம். 500 மெகாஹெர்ட்ஸ் ஊசி பக்கத்தில் ஒரு தாழ்ந்த மேடாக மாறியிருக்கிறது. அந்த மேட்டின் தலையைக் கூர்ந்து பாருங்கள், சீப்பின் பல்போல ஒழுங்கான இடைவெளியில் பிளந்திருக்கிறது. பல்லுக்குப் பல் இடைவெளிதான் ஊசலாட்ட அதிர்வெண். 120 கிலோஹெர்ட்ஸ் சன்னலில் அளந்திருந்தால் நான்கு பற்கள் சேர்ந்து ஒரே பரப்பாகத் தெரிந்திருக்கும். பல் பல்லாகத் தெரிகிறது என்றால் சன்னலை 1 கிலோஹெர்ட்ஸ் போல மிகவும் குறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 2.5 மெகாஹெர்ட்ஸ் மேட்டில் 31.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சுமார் 79 பற்கள். ஆற்றல் 79 பங்காகப் பிரிந்தால் ஒவ்வொரு பல்லும் 19 டெசிபெல் தாழும். கட்டுரையின் 20 வந்த வழி இதுதான். அளவீடு பொய்யில்லை, ஆனால் எந்தச் சோதனைக்கூடமும் அந்தச் சன்னலில் சான்று தருவதில்லை.

எங்கே இயக்கக் கூடாது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. இதில்தான் அதிகம் கைசுடும். யுஎஸ்பி 2.0-வின் ஹைஸ்பீட் இணைப்பு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) பிழையைத்தான் பொறுக்கும், 0.5 சதவீதம் கீழ்ப்பரப்பு, அதாவது கீழ்நோக்கி மட்டும் பரப்புவது, 5000 பிபிஎம். ஈதர்நெட்டுக்கு 100 பிபிஎம்-க்குள் இருக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி 3.0 போன்ற இணைப்புகள் தங்கள் விதியிலேயே 5000 பிபிஎம் கீழ்ப்பரப்பை 30 முதல் 33 கிலோஹெர்ட்ஸில் அனுமதிக்கின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸில் கூட இரு முனைகளும் தனித்தனி கிளாக்கைத் தனித்தனியாகப் பரப்பினால் வித்தியாசம் 5600 பிபிஎம் வரை போகலாம். அதைத் தாங்க, தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடைப் பஃபர் ஆழமாக வேண்டும். வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் நிரப்புக் குறியீடுகளையும் 154 குறியீட்டு நேரத்துக்குள் ஒருமுறை அனுப்ப வேண்டும். சாதாரண முறையில் இது 1180 முதல் 1538 வரை. இரு முனைக்கும் ஒரே கிளாக்கை ஓட்டிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை, இரண்டும் சேர்ந்தே ஆடும்.

அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே வித்தியாசம் மிகச் சிறியது என்பதும் பலரை ஏமாற்றுகிறது. 10 நானோ நொடி துடிப்பு 50 பிக்கோ நொடி மாற 1,500-க்கும் மேற்பட்ட துடிப்புகள் ஆகின்றன; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 0.03 பிக்கோ நொடிதான். ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். அரைச் சுற்று முடியும்போது சராசரிக் கிளாக்கிலிருந்து மொத்தம் 20 நானோ நொடி விலகியிருக்கும், அதாவது முழுதாக இரண்டு துடிப்பு. பரப்பிய கிளாக்கிலிருந்து பரப்பாத கிளாக்குக்குத் தரவு மாற்றும் இடத்தில் இரண்டு இட ஆழமுள்ள பஃபர் வைத்தவர்களுக்கு எப்போதாவது ஒரு பைட் காணாமல் போவது இதனால்தான். மேசையில் நாள் முழுக்க ஓட்டினாலும் பிடிபடாத பிழை இது.

ஒலிப்பதிவுக் கிளாக்கை இதே மூலத்திலிருந்து எடுத்தால் விளைவு காதுக்கே வரும். 48 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கும்போது அந்த 20 நானோ நொடி ஆட்டம் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் இருபுறமும் 31.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, சுமார் 70 டெசிபெல் தாழ்வில் நிழல் போடும். ஒரு நிழல் 41.5-ல் விழ வேண்டும். மாதிரி எடுப்பதால் அது மடிந்து 6.5 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். 16 பிட் ஒலியின் இரைச்சல் தரை 98 டெசிபெல் கீழே இருக்கும்போது இது நன்றாகவே துருத்திக்கொண்டு தெரியும். ஊசலாட்டம் காதுக்கு எட்டாத அதிர்வெண்தானே என்ற வாதம் இங்கே செல்லாது.

நடைமுறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. எஸ்டிஎம்32 எஃப்4 வகையில் எஃப்407 மைக்ரோகன்ட்ரோலரின் முதன்மை பிஎல்எல்-லில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. எஸ்எஸ்சிஜிஆர் பதிவேட்டில் இரண்டு எண்கள் எழுத வேண்டும். முதலாவது மாட்பெர்: பிஎல்எல் உள்ளீட்டை ஊசலாட்ட அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தது. உள்ளீடு 1 மெகாஹெர்ட்ஸ், ஊசலாட்டம் இந்தச் சில்லில் அனுமதிக்கப்பட்ட உச்சமான 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் 25. இரண்டாவது இன்க்ஸ்டெப்: 32767-ஐப் பரப்புச் சதவீதத்தாலும் பிஎல்எல்-என் (பிஎல்எல் உள்ளீட்டைப் பெருக்கும் எண்) மதிப்பாலும் பெருக்கி, 500 தரம் மாட்பெரால் வகுத்தது. 1 சதவீதம், என் 336 என்றால் 881. இரண்டையும் பெருக்கினால் 32767-ஐத் தாண்டக் கூடாது. நமக்கு 22025, சரி. பிஎல்எல்-ஐ இயக்கும் முன்பே இதை எழுதிவிட வேண்டும்.

வினை இனிமேல்தான். 168 மெகாஹெர்ட்ஸ் என்பது அந்தச் சில்லின் உச்ச வேகம். இருபுறமும் பரப்பும் நடுப்பரப்பு வைத்தால் அதைத் தாண்டிவிடும், ஆகவே கீழ்ப்பரப்புதான். கீழ்ப்பரப்பில் 1 என்று எழுதினால் கிளாக் 2 சதவீதம் வரை கீழே போய் வரும்; சராசரி 166.32. தொடர்வரிசைத் தொடர்புக்கான யுஆர்டி-யின் வேக வகுப்பானை 168-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால் இந்த 1 சதவீதப் பிழை நேராகத் தொடர்பில் ஏறும். அதைவிட மோசம், யுஎஸ்பி-க்கான 48 மெகாஹெர்ட்ஸும் இதே பிஎல்எல்-லிலிருந்து ஏழால் வகுத்து வருகிறது. ஃபுல்ஸ்பீட் யுஎஸ்பி பொறுப்பது 2500 பிபிஎம். கிளாக்கைப் பரப்பிய நிமிடமே கணினி கருவியை அடையாளம் காணாமல் போனால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இந்தச் சில்லில் யுஎஸ்பி-யும் பரப்பும் ஒன்றுக்கொன்று ஆகாது.

இன்னொரு பொறி, நகர்ந்துபோய் மோதுவது. 24 மெகாஹெர்ட்ஸின் 66-ஆம் மடங்கு 1584 மெகாஹெர்ட்ஸ். ஜிபிஎஸ் எல்1 அலைவரிசை 1575.42-ஐ நடுவாக வைத்து இருபுறமும் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். பரப்பாதபோது 8 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்ற அந்த ஊசி, 0.5 சதவீதம் கீழே பரப்பியதும் 1576.08 வரை வந்து ஜிபிஎஸ் எல்லைக்குள் கால் வைக்கிறது. சான்றுச் சோதனையில் தேறிய கருவி செயற்கைக்கோளைப் பிடிக்கத் தடுமாறும். பலகையில் ரேடியோ இருந்தால், எந்த மடங்கு எதுவரை நகரும் என்று முதலிலேயே பட்டியல் போட்டுவிட வேண்டும். அகன்ற அலைவரிசை ஏற்பிகளுக்கும் இதனால் பயன் இல்லை. 8 மெகாஹெர்ட்ஸ் அகல டிஜிட்டல் தொலைக்காட்சி அலைவரிசையில் 600 மெகாஹெர்ட்ஸ் அருகே மேடு 3 மெகாஹெர்ட்ஸ்தான். முழுவதும் அந்த ஒரே அலைவரிசைக்குள் விழுகிறது. யுஎஸ்பி 3.0 விதிப்படியே பரப்பப்பட்டது. அப்படியிருந்தும் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாக் கருவிகளைத் தொல்லை செய்கிறது என்று 2012-ல் இன்டெல்லே அறிக்கை வெளியிட்டது.

ஆகவே வரிசை மாறக் கூடாது. கிளாக் தடத்தின் அடியில் தரைத்தளம் வெட்டுப்படாமல் ஓட வேண்டும். கிளாக் வெளிவரும் காலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் 22 அல்லது 33 ஓம் தொடர் மின்தடை. சில்லில் ஓட்டுத் திறனைக் குறைக்கும் வசதி இருந்தால் தேவைக்கு மேல் வைக்கக் கூடாது. ஏறும் நேரம் 1 நானோ நொடியிலிருந்து 2 ஆனாலே சுமார் 320 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லா மடங்கும் 6 டெசிபெல் தாழும். இது உண்மையிலேயே ஆற்றல் குறைவது. எந்தச் சன்னலில் பார்த்தாலும், எந்த ஏற்பியில் கேட்டாலும் குறைவுதான். இத்தனையும் செய்த பிறகும் 300-க்கும் 1000-க்கும் இடையே ஒரு மடங்கு வரம்பை 3, 4 டெசிபெல் மீறி நின்றால், அங்கே ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் தன் வேலையைக் காட்டும். திரைப் பேனலுக்குப் போகும் எல்விடிஎஸ் தட்டைக் கேபிள் இதற்கு நல்ல இடம். எவ்வளவு தாங்கும் என்பதைப் பேனலின் தரவுத்தாளிலேயே போட்டிருப்பார்கள்.

கிளாக் உண்மையில் பரவுகிறதா என்று பார்க்கச் சாதாரண ஆசிலோஸ்கோப் போதும். ஒரு விளிம்பில் டிரிகர் செய்து, 1 மைக்ரோ நொடி தள்ளிப் போய்ப் பாருங்கள். பரப்பாத கிளாக்கில் அங்கும் விளிம்பு கூர்மையாக இருக்கும். 0.5 சதவீதம் பரப்பியதில் 5 நானோ நொடி அகலத்துக்குப் பூசியதுபோல் மங்கும். மங்கவில்லை என்றால் வழியில் எங்கோ ஜிட்டரை (துடிப்பின் நேரத் தடுமாற்றத்தை) துடைக்கும் பிஎல்எல் ஒன்று உட்கார்ந்து பரப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. கணினி வைத்திருப்பவர்கள் கருவியே இல்லாமலும் பார்க்கலாம்: 36 மடங்கில் 3600 காட்ட வேண்டிய செயலி 3591 மெகாஹெர்ட்ஸ் அருகே காட்டினால், தாய்ப்பலகையின் அடிப்படைக் கிளாக் 99.75-ஐச் சராசரியாக வைத்து ஆடுகிறது. கருவி கோளாறு என்று நினைத்துப் பயாஸில் போய் அதை அணைக்க வேண்டாம். அந்தக் கணினி அது இயங்கும் நிலையில்தான் சோதிக்கப்பட்டிருக்கும்.

ஸ்விட்சிங் மின்வழங்கிகளிலும் இதே தந்திரம் உண்டு, எண்கள் மட்டும் வேறு. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சன்னல் 9 கிலோஹெர்ட்ஸ் என்பதால் ஊசலாட்டமும் 9 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வைக்கப்படும். 400 கிலோஹெர்ட்ஸை இருபுறமும் 10 சதவீதம் பரப்பினால் 12 டெசிபெல் போலக் கிடைக்கும். செராமிக் கப்பாசிட்டர் 9 கிலோஹெர்ட்ஸில் கீச்சென்று பாடத் தொடங்கினால் அதுவும் இதன் பரிசுதான்.

கட்டுரையின் படத்தை இணையப் பதிப்பில் வைத்திருக்கிறீர்கள். அதன் கீழே அளவியின் சன்னல் அகலத்தையும், உச்ச அளவா சராசரியா என்பதையும் ஒரு வரியில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். முடிந்தால் 120 கிலோஹெர்ட்ஸில் எடுத்த இன்னொரு படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மின்காந்த ஒத்திசைவுச் சோதனையிலும் சுற்று வடிவமைப்பிலும் பணிபுரியும் வாசகர்கள்